பாறைத் தோட்டத்தில் தரையோடு படரும் பூச்செடிகள்: முதல் முறை வைப்பவர்களுக்கு

என் பாறைத் தோட்டத்தை நான் இரண்டு முறை கட்டினேன். முதல் முறை கற்களை அடுக்கி, நல்ல உரமண் கொட்டி, 23 செடிகள் வைத்தேன். மழைக்காலம் முடிந்தபோது 4 செடிகள்தான் மிஞ்சின. செடி வாடுவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாடிய ஃப்ளாக்ஸ் (Phlox என்ற படரும் பூச்செடி) ஒன்றைத் தொட்டேன், அப்படியே கையோடு வந்துவிட்டது. நுனி இலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. தூர் மட்டும் பழுப்பாகக் கூழாகி, வேர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. அப்புறம் எல்லாக் கற்களையும் புரட்டி வெளியே எடுத்து அடியிலிருந்து தொடங்கினேன். இப்போது அந்த இடம் நான்காவது ஆண்டாகப் பூக்கிறது.

பாறை இடுக்கில் வளர்ந்து பழகிய செடிகள் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும், தூரில் தேங்கும் ஈரத்தைத் தாங்காது. வேர் இருக்கும் ஆழத்தில் கொஞ்சம் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும், மண்ணுக்கு மேலே தண்டு தொடங்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் வேலைகளில் முக்கால்வாசி இதற்காகத்தான்.

1. இடத்தைச் சோதியுங்கள்

பெரும்பாலான பாறைத் தோட்டச் செடிகளுக்கு ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மரத்தடியை விட்டுவிடுங்கள். நிழல் மட்டும் அல்ல சிக்கல், உதிரும் இலை செடிமேல் ஈரமாகப் படிந்து அழுக வைத்துவிடும்.

வெயில் சரி என்றால் அடுத்தது வடிகால். 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்துக்கு ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். இரண்டாவது முறை நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று அளந்து பாருங்கள். முதல் முறை ஊற்றியதை வைத்து முடிவு செய்யாதீர்கள், காய்ந்த மண் எதையும் குடிக்கும். மணிக்கு 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் அந்த இடத்திலேயே செய்யலாம். 2.5 செ.மீ.க்கும் குறைவு என்றால் தரைமட்டத்தில் நடவே கூடாது. குறைந்தது 30 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். என் முதல் தோட்டம் இருந்த இடத்தில் இந்தச் சோதனையைப் பிறகுதான் செய்தேன். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றது.

2. தோண்டும் முன் கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள்

முதலாவது, வீட்டின் குழாய், மின்கம்பி வரைபடம். பாறைத் தோட்டம் கட்டியபின் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு வந்தால் கற்களைத்தான் முதலில் அகற்ற வேண்டிவரும். வரைபடம் இல்லை என்றால், வீட்டைக் கட்டியவரிடமோ குழாய் வேலை செய்தவரிடமோ கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கல் வாங்கிய ரசீது. ஆற்றிலும் மலையடிவாரத்திலும் கல் எடுத்து வருவது பல இடங்களில் சட்டப்படி குற்றம். அந்தக் கற்களில் ஒட்டியிருக்கும் பாசியும் சிற்றுயிர்களும் அந்த இடத்துக்கு உரியவை. விற்பவரிடம் வாங்கி, எடையும் கல்லின் வகையும் எழுதிய ரசீதைப் பெறுங்கள்.

மூன்றாவதை யாரும் தாளாகவே நினைப்பதில்லை: செடித் தொட்டியில் செருகியிருக்கும் பெயர் அட்டை. அதில் தாவரவியல் பெயர் இல்லையென்றால் வாங்காதீர்கள். 'ஐஸ் பிளான்ட்' என்று கேட்டால் டெலோஸ்பெர்மா கூப்பெரியும் கிடைக்கும், கார்ப்போப்ரோட்டஸ் எடுலிஸும் கிடைக்கும். முதலாவது பாறைத் தோட்டத்துக்கு ஏற்ற அடக்கமான செடி. இரண்டாவது கலிஃபோர்னியக் கடற்கரையிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் உள்ளூர்த் தாவரங்களை மூடி அழித்துவரும் ஆக்கிரமிப்புச் செடி.

தாவரவியல் பெயரின் இரண்டாம் சொல்லைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ரெபென்ஸ், ரெப்டான்ஸ் என்றால் ஊர்ந்து படர்வது. ப்ரோஸ்ட்ராட்டா, ப்ரோகும்பென்ஸ் என்றால் தரையில் கிடப்பது. சாக்ஸாடிலிஸ் என்றால் பாறைகளிடையே வளர்வது. தைமஸ் செர்பில்லம் தரையில் படரும் தைம், தைமஸ் வல்காரிஸ் நிமிர்ந்து வளரும் சமையல் தைம். கடையில் இரண்டும் சிறு தொட்டியில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அட்டையில் குளிர் மண்டல எண்ணும் இருக்கலாம். அது 1 முதல் 13 வரை போகும். ஒவ்வோர் ஆண்டும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் பல ஆண்டுச் சராசரியை வைத்து வகுத்தது. ஃப்ளாக்ஸ் சுபுலாட்டாவுக்கு 3 முதல் 9 வரை என்று போட்டிருக்கும். வெப்பப் பகுதியில் இருப்பவர்கள் இதை வைத்து ஏமாறக்கூடாது. அந்த எண் குளிரைப் பற்றி மட்டுமே பேசும், கோடையின் புழுக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ தருவித்தால், நோயும் பூச்சியும் இல்லை என்று காட்டும் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். பணம் கட்டும் முன் விற்பவர் அதைத் தருவாரா, உங்கள் நாட்டு விதி அந்தச் செடியை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

3. களையை ஒழிக்காமல் ஒரு கல்லையும் வைக்காதீர்கள்

அவசரம் நம்மை மாட்டிவிடுவது இங்கேதான். கல் வந்து இறங்கியதும் கை துறுதுறுவென்று இருக்கும். பொறுங்கள்.

கோரையும் அருகம்புல்லும் ஒருமுறை கல்லுக்கடியில் போய்விட்டால் கல்லைத் தூக்காமல் எடுக்க முடியாது. படரும் செடியின் நடுவே கோரை முளைத்தால் இன்னும் மோசம், பிடுங்கும்போது செடியும் சேர்ந்து வரும். கோரையைக் கவனமாகத் தோண்டிப் பாருங்கள். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய கம்பி போன்ற வேர்த்தண்டு போய் அடுத்த கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று என மணி கோத்ததுபோல வரும். மண்வெட்டியால் வெட்டிப் புரட்டினால் அந்தச் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கத் தொடங்கும். அதனால் முள்கரண்டி போன்ற கொத்தால் மண்ணை நெகிழ்த்தி, சங்கிலியாகவே இழுத்து எடுங்கள். பிறகு தண்ணீர் விட்டு, முளைப்பதை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இதற்கு மட்டும் நான்கு மாதம் ஆனது.

கடும் கோடையில் ஈர மண்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை 4 முதல் 6 வாரம் இறுக்கி மூடி வைத்தால் மேல்மண்ணில் உள்ள களை விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். கோரைக் கிழங்கு அதற்கு மசியாது, ஆழத்தில் பிழைத்துக்கொள்ளும்.

களைத் தடுப்புத் துணி விரிக்கச் சொல்வார்கள். நான் விரித்தேன், பிறகு கிழித்து எடுத்தேன். படரும் செடி கணுவுக்குக் கணு வேர் விட்டுத்தான் பரவும். துணி இருந்தால் அந்த வேர் இறங்க இடமில்லாமல் செடி வைத்த ஓட்டையிலேயே நின்றுவிடும்.

4. கல் அடுக்குவது

பல சிறு கற்களைவிடச் சில பெரிய கற்கள் நல்லது. ஆனால் எடையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 40 x 30 x 30 செ.மீ. அளவுள்ள சதுரித்த கருங்கல் 90 கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாகத் தூக்கப் பார்க்காதீர்கள். கடப்பாரையும் உருட்டுக் கட்டைகளும் இரண்டு பேரும் வேண்டும்.

ஒவ்வொரு கல்லும் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதைய வேண்டும். மேலே வைத்த கல் மழையில் நகரும், அதனடியில் எலியும் எறும்பும் குடியேறும். கல்லின் மேற்பரப்பு பின்புறமாக, மேட்டை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். அப்போது மழைநீர் கல்மேல் வழிந்து, பின்னால் உள்ள வேருக்குப் போகும். முன்புறம் சாய்த்து வைத்தால் தண்ணீர் வெளியே ஓடி மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். கல்லில் வரிகள் இருந்தால் எல்லாக் கற்களிலும் அவை ஒரே திசையில் ஓடும்படி வையுங்கள். இதொன்று செய்தாலே கொட்டிய கல் குவியல்போல இல்லாமல் இயற்கையான பாறைபோலத் தெரியும்.

ஒரு சிறு சோதனை: கல்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். ஆப்ரீஷா, டயாந்தஸ், ஜிப்சோஃபிலா போன்றவை அதன் அருகில் மகிழ்ச்சியாக வளரும். எரிக்கா போன்ற அமில மண் விரும்பும் செடிகளை அங்கே வைக்காதீர்கள்.

இரண்டு கற்களுக்கு நடுவே குறுகலான இடுக்கில் செடி வேண்டும் என்றால் கல் அடுக்கும்போதே வைத்துவிடுங்கள். கற்கள் அமர்ந்தபின் விரல்கூட நுழையாத இடுக்கில் வேரைத் திணித்தால் பாதி வேர் நசுங்கிவிடும். அடுக்கி முடித்து மண் நிரப்பிய பிறகு மூன்று வாரமாவது சும்மா விடுங்கள். நன்றாகத் தண்ணீர் விட்டால் மண் அமுங்கும், பள்ளம் விழும் இடங்களை நிரப்பிக்கொள்ளலாம்.

5. மண் கலவை

நான் பயன்படுத்துவது: ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு நன்றாக மட்கிய இலை உரம், ஒரு பங்கு பருமணலும் 3 முதல் 6 மி.மீ. பொடி ஜல்லியும் கலந்தது. மழை அதிகமான இடத்தில் மணல் ஜல்லிப் பங்கை இரட்டிப்பாக்குங்கள். கையில் எடுத்து அழுத்தி விரித்தால் உருண்டை உடனே உதிர வேண்டும். கொழுக்கட்டைபோல நின்றால் இன்னும் ஜல்லி சேருங்கள்.

களிமண்ணில் நைசான மணலைக் கலக்காதீர்கள், செங்கல்போல இறுகிவிடும். கடல் மணலில் உப்பு. கல் உடைத்த தூளை அப்படியே போட்டால் மாவு அடைத்துக்கொள்ளும், அலசிய பிறகே சேர்க்க வேண்டும்.

எல்லோரும் சொல்லும் இன்னொரு யோசனை, அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டு மேலே மண் போடுவது. இது நினைக்கிற பலனைத் தராது. பொடிமண்ணிலிருந்து பருமனான ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, மேல்மண் முழுவதும் ஊறித் ததும்பிய பிறகுதான் இறங்கும். அதாவது வேர் இருக்கும் இடத்தில் ஈரம் இன்னும் அதிக நேரம் நிற்கும். மேட்டை உயர்த்த உடைந்த செங்கல் போடலாம், தவறில்லை. வடிகாலுக்கான ஜல்லி மட்டும் மண்ணோடு முழுக்கக் கலந்திருக்க வேண்டும்.

தொழு உரமும் ரசாயன உரமும் முதலில் வேண்டாம். கொழுத்த மண்ணில் செடி நெடுநெடுவென்று நீண்டு, நடுவில் பிளந்து, பூவும் குறையும்.

6. எந்தச் செடி

உங்கள் குளிர்காலத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உறைபனி விழும் இடம், கோடை ரொம்பப் புழுக்கம் இல்லை என்றால் ஃப்ளாக்ஸ் சுபுலாட்டாவில் தொடங்கலாம். 10 முதல் 15 செ.மீ. உயரம்தான், வசந்தத்தில் இலையே தெரியாத அளவுக்குப் பூக்கும். ஆப்ரீஷாவும் அதே பருவம், ஊதா நிறம், கல்லின் விளிம்பிலிருந்து வழிந்து தொங்க விட்டால் அழகு. கோடைக்கு தைமஸ் செர்பில்லம். மிதித்தாலும் தாங்கும், தேனீக்கள் மொய்க்கும், அதனால் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் பாதையில் வேண்டாம். டயாந்தஸ் கிராட்டியானோபோலிட்டானஸ் நீலம் கலந்த சாம்பல் இலை, கிராம்பு மணம். டெலோஸ்பெர்மா கூப்பெரி கோடை தொடங்கி இலையுதிர்காலம் வரை பூக்கும். அந்த மெஜந்தாப் பூ வெயில் வந்தால் விரியும், மேகம் மூடினால் சுருங்கும். உறைபனியைத் தாங்கும் அந்தச் செடி, குளிர்கால ஈரத்தில் செத்துப்போகும்.

செடம் ஏக்கர் பற்றி ஒரு எச்சரிக்கை. 5 செ.மீ. உயரத்தில் மஞ்சள் நட்சத்திரங்களாகப் பூக்கும், ஒடிந்து விழும் துணுக்கெல்லாம் வேர் விடும், அதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் எரியும். தனி மூலை கொடுங்கள். செராஸ்டியம் டோமென்டோசமும் அப்படித்தான், வெள்ளி இலைக்கு மயங்கி நடுவில் வைத்தால் மென்மையான செடிகளை மூடிவிடும்.

உறைபனி இல்லாத வெப்பப் பகுதி என்றால் மேலே சொன்ன குளிர்ப்பகுதிச் செடிகளில் பணத்தைக் கரைக்க வேண்டாம். நமக்குத் தெரிந்த பொடுதலையே அருமையான தரைமூடி. சிறு குஞ்சம் போன்ற வெளிர் ஊதாப் பூ, பட்டாம்பூச்சிகள் தேடி வரும், வெயிலும் மிதியும் தாங்கும். வேகம் அதிகம், மாதம் ஒருமுறை ஓரம் வெட்ட வேண்டும். விஷ்ணுகிராந்தியின் உறவான எவால்வுலஸ் குளோமெராட்டஸ் நல்ல நீல நிறம் தரும், ஆனால் பூ மாலைக்குள் மூடிவிடும். எரிஜெரான் கார்வின்ஸ்கியானஸ் வெள்ளையாக விரிந்து இளஞ்சிவப்பாக மாறும். டேபிள் ரோஸை மட்டும் பல்லாண்டுச் செடி என்று நம்பி வாங்காதீர்கள், அது ஓராண்டுச் செடி.

மஞ்சள் பூப்பூத்துத் தரையில் படரும் வெடேலியாவைத் தவிருங்கள். எங்கும் மலிவாகக் கிடைக்கும், பளபளவென்று இருக்கும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் அதுவும் உண்டு. மேலே சொன்னவற்றிலும் சில, சில நாடுகளில் களையாகப் பரவுகின்றன. வாங்கும் முன் உங்கள் பகுதியின் தடைப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

பாறையின் நிழல் விழும் பக்கத்துக்கு அஜுகா ரெப்டான்ஸ், காம்பனுலா போர்ட்டென்ஷ்லாகியானா இரண்டும் ஒத்துவரும். அஜுகாவுக்கு ஈரம் கொஞ்சம் அதிகம் வேண்டும், மேட்டின் அடிவாரத்தில் வையுங்கள்.

7. செலவு

எனக்குப் பாதிக்கு மேல் கல்லுக்கும் அதை ஏற்றி இறக்கும் கூலிக்கும் போனது. அதனால் கல் விலையைத் தனியாகவும் கொண்டுவந்து சேர்க்கும் கூலியைத் தனியாகவும் எழுதிக் கேளுங்கள். வாசலில் இறக்குவதா, தோட்டம் வரை கொண்டுவருவதா என்பதும் அதில் இருக்கட்டும். நான் அதைக் கேட்காததால் இரண்டாம் முறை ஆள் வைக்க நேர்ந்தது.

செடிகளுக்குக் கணக்கு எளிது. கற்கள் போக 3 சதுர மீட்டர் நடும் இடம் என்று வையுங்கள். 30 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 11, ஆக 33 செடி. 45 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 5, ஆக 15 செடி. தைம், டயாந்தஸுக்கு முதல் கணக்கு. ஃப்ளாக்ஸ், ஆப்ரீஷாவுக்கு இரண்டாவது. பூத்துக் குலுங்கும் பெரிய தொட்டிச் செடிக்குக் காசு கொடுக்காதீர்கள். சிறிய நாற்று விலையும் குறைவு, வேரும் சீக்கிரம் பிடிக்கும். பொறுமை இருந்தால் ஒவ்வொரு வகையிலும் இரண்டு மூன்று மட்டும் வாங்கி, மிச்சத்தை அடுத்த ஆண்டு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

மேலே பரப்பும் சிறு ஜல்லியை மறக்காதீர்கள். 3 சதுர மீட்டருக்கு 3 செ.மீ. கனம் என்றால் ஏறத்தாழ 140 கிலோ.

8. நடும் நாள்

குளிர்ப் பகுதியில் கடைசி உறைபனி போன வசந்தம், அல்லது குளிர் வருவதற்கு ஆறு வாரம் முந்தைய இலையுதிர்காலம். வெப்பப் பகுதியில் கனமழை ஓய்ந்து இதமான வெயில் தொடங்கும் நேரம். அடைமழையிலும் கொளுத்தும் கோடையிலும் நடாதீர்கள்.

தொட்டியை ஒரு மணி நேரம் தண்ணீரில் வைத்து எடுங்கள். செடியை வெளியே எடுத்து, வேரைச் சுற்றிய நர்சரி மண்ணில் பாதியை உதறிவிடுங்கள். அந்தத் தேங்காய்நார்க் கலவை ஒன்று கட்டியாகக் காயும், இல்லையென்றால் பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துவைக்கும். சுற்றிச் சுழன்றிருக்கும் வேரைப் பிரித்துவிடுங்கள். தூர் சுற்று மண்ணைவிட 1 அல்லது 2 செ.மீ. உயர்ந்து இருக்கும்படி நட்டு, அந்த உயரத்தைச் சிறு ஜல்லியால் நிரப்புங்கள். செடியின் கீழ் இலைகளை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜல்லியை அடியில் தள்ளிவிட வேண்டும். இலைகள் ஈர மண்ணைத் தொடாமல் ஜல்லிமேல் படுத்திருக்கும். என் செடிகளைக் காப்பாற்றியதில் இந்த ஒரு வேலைக்குத்தான் பெரிய பங்கு என்று நம்புகிறேன். மரத்தூள், பட்டை, வைக்கோல் மூடாக்கு இங்கே வேண்டாம்.

9. முதல் ஆண்டு

முதல் மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில், பூவாளியால் தண்ணீர் விடுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை ஆழமாக. தண்ணீர் வேண்டுமா என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜல்லியை விலக்கி விரலை 5 செ.மீ. விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் செடி வாடினால் அது தாகம் இல்லை, தூர் அழுகல். உடனே தண்ணீரை நிறுத்தி, நல்ல நுனிகளை நறுக்கி மணலில் ஊன்றி அந்த வகையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு இடைவெளியெல்லாம் வெறுமையாகத்தான் தெரியும். கூடுதல் செடி வாங்கித் திணிக்காதீர்கள். மூடுவதற்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு ஆகும். அதுவரை வாரம் பத்து நிமிடம் களையெடுப்பு.

10. கத்தரியும் பதியனும்

பூ முடிந்த உடனே ஆப்ரீஷாவைப் பாதி வரையும் ஃப்ளாக்ஸை மூன்றில் ஒரு பங்கும் வெட்டுங்கள். தைமைப் பச்சை இலை உள்ள இடம் வரை மட்டும், கட்டையான பழைய தண்டில் வெட்டினால் மறுபடி துளிர்க்காது.

பெருக்குவதற்கு மிக எளிய வழி பதியன். படரும் தண்டு ஒன்றைத் தரையோடு அழுத்தி, கணுவின்மேல் ஒரு கையளவுக் கல்லை வைத்துவிடுங்கள். இரண்டு மாதத்தில் கல்லைத் தூக்கினால் வெள்ளை வேர் இருக்கும். தாய்ச்செடியிலிருந்து நறுக்கி வேறிடத்தில் வைக்கலாம்.

மூன்று நான்கு ஆண்டில் நடுப்பகுதி வழுக்கையாகும். பிடுங்கிப் போட வேண்டாம். பூத்து முடிந்ததும் வெட்டிவிட்டு, மணல் கலந்த அதே மண் கலவையைக் கரண்டி கரண்டியாக நடுவில் தூவி, தண்டுகளுக்கிடையே இறங்கும்படி விரலால் தட்டிவிடுங்கள். நுனிகள் மட்டும் வெளியே தெரிய வேண்டும். தண்டுகள் அந்தக் கலவைக்குள் புது வேர் விடும். என் பழைய ஃப்ளாக்ஸ் ஒன்றுக்குப் போன ஆண்டு இப்படிச் செய்தேன். இந்த வசந்தத்தில் வழுக்கை இருந்த இடம் எதுவென்று தேடிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.